பத்துப் பவுனுக்கு வாங்கிய மனை

சரித்திரம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் மாளிகைகளும் கோபுரங்களுமேயாம். அரசன் எங்கு வாழ்ந்தான் என்று வினவினால் பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். அவ்வரசனுக்கு உணவளித்த உழவன் எத்தகைய வீட்டில் உறங்கினான், அவன் மனைவி எவ்விடத்தில் அடுப்பு மூட்டினாள், அடைமழைக் காலத்தில் அவர்தம் மக்கள் எங்கே ஒதுங்கினர் என்று வினவினாலோ, கற்றாரும் சிறிது தயங்கவே செய்வர். இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. கல்லாற் கட்டியது நிற்கும். மரமும் மண்ணும் வைக்கோலும் கொண்டு கட்டியது மறையும். ஆதலால் பெரியோர் வாழ்க்கைக்குச் சாட்சிகள் பல உள. எளியோர் வாழ்க்கைக்குச் சாட்சிகள் சிலவே.

அச்சிலவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். இங்கிலாந்தின் தென்பகுதியாகிய சஸ்ஸெக்ஸ் நாட்டில், ஆல்பிரிஸ்டன் என்னும் சிற்றூரில், கூரை வேய்ந்த பழைய மனையொன்று இருக்கின்றது. குருமனை என்பது அதன் பெயர். அரசர் எவரும் அதில் பிறந்ததில்லை. பெரும்போர் எதுவும் அதனருகில் நிகழ்ந்ததில்லை. ஆயினும் கட்டடங்களைப் பாதுகாத்த வரலாற்றில் அதற்கு ஒரு தனியிடம் உண்டு. இன்று நூற்றுக்கணக்கான மாளிகைகளையும் மனைகளையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்டு என்னும் சங்கம், முதன்முதலாக விலைகொடுத்து வாங்கிய கட்டடம் இதுவே. வாங்கிய ஆண்டு 1896. கொடுத்த விலை பத்துப் பவுன். அந்தப் பத்துப் பவுன் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் காலமும்

ஆல்பிரிஸ்டன் கக்மியர் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது. அவ்வாறு சில மைல் தெற்கே சென்று கடலிற் கலக்கின்றது. ஊரைச் சூழ்ந்திருப்பவை மரமடர்ந்த மலைகளல்ல. புல் போர்த்த வெண்சுண்ணக்கற் குன்றுகள். நிலத்தைச் சிறிது தோண்டினும் சுண்ணக்கல் வெண்மையாக வெளிப்படும். அதனிடையே கிடைக்கும் சக்கிமுக்கிக் கற்களால் அவ்வூரார் தம் தேவாலயத்தைப் பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பினர். சிற்றூருக்கு மிஞ்சிய பெருமை உடைய அத்தேவாலயத்தின் பக்கத்தில், ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரமாக, குருமனை தாழ்ந்து அமைதியாக நிற்கின்றது. குன்றுகளுக்கு வடக்கே உள்ள வீல்டு என்னும் காட்டுநாடு ஓக் மரத்திற்குப் பேர்பெற்றது. ஆகவே சுண்ணக்கல் காலடியில் கிடைத்தது. மரம் அண்டையில் கிடைத்தது. வைக்கோல் வயலில் கிடைத்தது. இம்மூன்றுமே அம்மனையின் மூலப்பொருள்கள்.

மனை எழுந்த காலம் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கமும் சந்திக்கும் காலம். அக்காலத்தைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். 1348ஆம் ஆண்டில் கொள்ளைநோய் இங்கிலாந்திற் புகுந்து, இரண்டோர் ஆண்டுகளுக்குள் மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. வயல்கள் இருந்தன, உழுவார் இல்லை. எஞ்சிய உழைப்பாளிகளின் கூலி உயர்ந்தது. 1351இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றிக் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த முயன்றும் அது முற்றும் பலிக்கவில்லை. ஆளின்றிக் கிடந்த நிலங்களைச் சேர்த்துப் பயிரிட்ட குடியானவர்கள் வளம் பெற்றனர். பெருந்துயரத்தின் பின் வந்த இவ்வளத்தினாலேயே, அதுவரை இரண்டொரு தலைமுறைக்குமேல் நில்லாத குடில்களில் வாழ்ந்தவர் பலர், நூற்றாண்டுகள் நிற்கத்தக்க வீடுகளைக் கட்டத் துணிந்தனர். கெண்டு, சஸ்ஸெக்ஸ் என்னும் இரு நாடுகளிலும் அவ்வகை வீடுகள் இன்றும் பல உள்ளன. காட்டுநாட்டின் பெயரால் அவற்றை வீல்டு மனைகள் என்பர். குருமனை அவ்வினத்தைச் சேர்ந்தது.

மனையின் அமைப்பு

வீல்டு மனையின் அமைப்பை அறிவது கடினமன்று. நீண்ட சதுரமான ஒரு வீட்டை மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பாகம் கூடம். அதற்கு மேல்மாடி இல்லை. தரையிலிருந்து கூரையின் முகடுவரை ஒரே வெளி. இருபக்கப் பாகங்களுக்கும் கீழறையும் மேலறையும் உண்டு. மேலறைகள் இரண்டும் கீழ்ச்சுவரைக் கடந்து சிறிது முன்தள்ளி நிற்கும். இடையிலுள்ள கூடத்தின் சுவரோ முன்தள்ளாமல் உள்வாங்கியே நிற்கும். ஆனால் மூன்றையும் மூடும் கூரை ஒன்றே. ஆதலால் கூடத்திற்கு எதிரே கூரையின் இறவாரம் சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் நிற்க நேர்கின்றது. அதைத் தாங்குவதற்கு இருபுறமும் வில்போல் வளைந்த கட்டைகளைக் கொடுத்திருப்பர். தூரத்தில் நின்று நோக்குவோர் இவ்வளைவுகளைக் கொண்டே இது வீல்டு மனை என்று அடையாளம் கண்டுகொள்வர்.

இவ்வீட்டின் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. மரச்சட்டமே வீடு; சுவர் அச்சட்டத்தின் இடைவெளிகளை அடைக்கும் திரை மாத்திரமே. தச்சர் ஓக் மரத்தை வெட்டியவுடன், ஈரம் உலர்வதற்குமுன், பச்சையாகவே இழைத்தனர். உலர்ந்த ஓக் இரும்பையொத்து உளிக்கு இணங்காது. பச்சை மரமோ எளிதில் இணங்கும். தூண், உத்தரம், குறுக்குவிட்டம், கைமரம் ஆகிய அனைத்தையும் முதலில் தரையிற் பரப்பிப் பொருத்திப் பார்ப்பர். ஒவ்வொரு பொருத்திலும் எண்குறி செதுக்குவர். பின்னர் அவற்றைப் பிரித்து, வண்டியிலேற்றி, வீடு நிற்கவேண்டிய இடத்திற்குக் கொண்டுசென்று, குறிகளைப் பார்த்து மறுபடியும் கூட்டி நிறுத்துவர். இவ்வகை வீடுகளின் மரங்களில் அக்குறிகள் இன்றும் காணப்படுவதுண்டு.

பொருத்துகளில் இரும்பாணிக்கு வேலை மிகக் குறைவு. ஒரு மரத்தில் துளையும் மற்றொன்றில் அதனுட் புகும் கழுந்தும் செய்து, இரண்டையும் ஊடுருவி மரமுளை அடித்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்திலுள்ள முளைத்துளையை மற்றதற்கு நேராக இடாமல் ஒரு நூலளவு தள்ளியே இடுவர். முளையை அடிக்கும்போது அது வளைந்து சென்று, இருமரங்களையும் ஒன்றோடொன்று இறுக இழுத்துவிடும். பச்சைமரம் ஆண்டுதோறும் உலர்ந்து சுருங்கச் சுருங்கப் பொருத்து மேலும் இறுகும். காலத்தைத் தம் பகையாகக் கருதாமல் வேலைக்காரனாக அமர்த்திக்கொண்ட அத்தச்சரின் அறிவை என்னென்பது! தூணை நிறுத்தியதிலும் இத்தகைய அறிவைக் காணலாம். மரத்தின் அடிப்பாகம் பருத்தும் நுனிப்பாகம் சிறுத்தும் இருக்கும். அவர்கள் பல தூண்களை அடிமேலாகத் தலைகீழாய் நிறுத்தினர். தூணின் தலையிலேதான் உத்தரமும் விட்டமும் கூடுகின்றன. பல பொருத்துகளுக்கு இடந்தரும் பருமன் அங்கேதான் வேண்டும்.

சட்டத்தின் இடைவெளிகளில் ஓக் சிம்புகளை நிறுத்தி, வளாறுகளைக் குறுக்கே பின்னி, வரிச்சு கட்டினர். அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து இருபுறமும் அப்பிச் சுண்ணாம்பு பூசினர். நம்நாட்டுச் சிற்றூர்களில் வரிச்சுச் சுவரைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த மக்களும் மண்ணைக் கையில் எடுத்தபோது ஏறக்குறைய இதே முடிவிற்கு வந்தனர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

கூடத்தின் தரை இன்னும் விசேஷமானது. சுண்ணக்கல்லைப் பொடித்துக் கெட்டித்து, அதன்மேல் புளித்த பாலை ஊற்றி இறுகச் செய்வது சஸ்ஸெக்ஸ் வழக்கம். குருமனையின் தரை அம்முறையில் அமைந்ததே. பாலிலுள்ள கட்டிச்சத்து சுண்ணத்தோடு சேர்ந்து தரையின் மேல் ஒரு தோல்போற் படிந்து, தூசி எழாமல் தடுக்கின்றது.

கூடமும் புகையும்

இவ்வீட்டில் வாழ்க்கை எவ்வாறு நடந்தது? கூடத்தின் நடுவே தரையிலேயே நெருப்பு எரிந்தது. புகைபோக்கி என்பது அக்காலக் குடியானவர் வீடுகளில் இல்லை. புகை மேலெழுந்து, கூரையின் உள்வெளியிற் சுழன்று, வேய்ந்த வைக்கோலின் ஊடாகவும் சாளரங்களின் வழியாகவும் மெல்ல வெளியேறும். சாளரங்களுக்குக் கண்ணாடி கிடையாது. நெருக்கமாக நிறுத்திய மரக்கம்பிகளும், குளிருக்கு அடைக்கும் பலகைகளுமே உண்டு. இதனாலேதான் கூடத்திற்கு மேல்மாடி அமைக்கவில்லை. அங்கே உயரம் பெருமைக்காக விடப்பட்டதன்று, புகைக்காக விடப்பட்டது. வீல்டு மனைகளின் கூரையிற் கைமரங்களைப் பார்ப்பவர்கள், பல தலைமுறை அடுப்புகளின் கரி அவற்றிற் படிந்திருப்பதைக் காணலாம். எழுத்தறியாத குடும்பம் எழுதிவைத்த நாட்குறிப்பு அக்கரியே எனலாம்.

கூடத்தின் ஒருகோடி மேற்கோடி. அங்கே வீட்டுத் தலைவன் அமர்வான். அதற்கப்பால் தலைவன் குடும்பத்திற்குரிய தனியறை கீழும், படுக்கையறை மேலும் அமையும். மற்றொரு கோடி கீழ்க்கோடி. முன்வாசலும் பின்வாசலும் எதிரெதிராக அங்கே இருக்கும். அதற்கப்பால் அப்பமும் தானியமும் வைக்கும் அறையொன்று, பானங்கள் வைக்கும் அறையொன்று. தலைவனும் பணியாளும் ஒரே கூடத்தில், ஒரே நெருப்பின் வெப்பத்தில், ஒரே புகையிற் கண் கலங்கி உண்டனர். ஆயினும் யார் எங்கே அமர்வது என்பதை வீட்டின் அமைப்பே விதித்தது. ஒற்றுமையையும் ஏற்றத்தாழ்வையும் ஒருங்கே காட்டும் இக்கூடத்தைக் கண்ணாற் கண்டவனுக்கு, அக்காலச் சமுதாயத்தைப் பற்றிய பாடம் பாதி முடிந்தவாறாம்.

பதினாறாம் நூற்றாண்டில் செங்கற் புகைபோக்கிகள் பரவலாயின. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியவுடன் உயர்ந்த கூடத்திற்கு அவசியம் ஒழிந்தது. வீட்டுக்காரர் பலர் கூடத்தின் குறுக்கே தளமிட்டு மேலே அறைகள் அமைத்துக்கொண்டனர். ஆகையால் முகடுவரை திறந்த கூடம் இன்று காண்பதற்கு அரியதாயிற்று. ஆல்பிரிஸ்டனில் நிற்பவர் தலைநிமிர்ந்து நோக்கின், அவ்வெளியை இன்றும் காணலாம்.

குருமார்கள் கையில்

ஆல்பிரிஸ்டன் தேவாலயத்திற்கு அக்காலத்தில் அண்டையிலுள்ள மிக்கலம் மடத்தோடு தொடர்பு இருந்தது. குடியானவர் கட்டும் வகையிலேயே அமைந்த இம்மனை, தேவாலயத்தில் ஊழியம் செய்த குருமார்கள் தங்கும் இடமாயிற்று. பெயரும் அதனால் வந்ததே. எட்டாம் ஹென்றி அரசன் மடங்களைக் கலைத்தபோது 1537இல் மிக்கலம் மடமும் முடிவடைந்தது. ஆனால் மனை சபையின் உடைமையாகவே தொடர்ந்தது. பிற்காலத்துக் குருமார்கள் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இவ்வீடு சிறிதாகவும் பழையதாகவும் தோன்றியதில் வியப்பில்லை. நாளடைவில் குருமனை கூலியாட்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. வாடகை சொற்பம், பழுதுபார்க்கும் செலவோ அதிகம். கூரை ஒழுகிற்று, ஒழுகிய நீர் மரத்தின் அடியைத் தின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குருமனை பெயரளவில் வீடாகவும் உண்மையில் குப்பைமேடாகும் நிலையிலும் இருந்தது.

1885ஆம் ஆண்டில் அதை இடித்துத் தள்ளச் சபை அதிகாரிகள் அனுமதி அளித்தனர். அப்போது அதிற் குடியிருந்த முதிய மாதொருத்தி, தன் இறுதிநாட்களை அவ்வீட்டிலேயே கழிக்க விடவேண்டுமென்று மன்றாடினாள் என்பர். அவள் விருப்பம் மறுக்கப்படவில்லை; அவள் மரிக்கும்வரை இடிப்பு தள்ளிவைக்கப்பட்டது. சட்டமும் சங்கமும் காப்பாற்றுவதற்குமுன் அவ்வீட்டைக் காப்பாற்றியவள், அதைத் தன் வீடென்று எண்ணிய ஓர் ஏழைக் கிழவியே. இதை நாம் மறத்தல் ஆகாது.

அவளுக்குப்பின் அவ்வூர்க் குருவானவரான பெய்னன் என்பார் இம்மனையைக் காக்க முற்பட்டார். அவர் முதலில் நாடியது புராதனக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை. கவிஞரும் கைத்தொழில் வல்லுநருமான வில்லியம் மாரிஸ் 1877இல் நிறுவிய சங்கம் அது. அச்சங்கம் ஆலோசனை கூறவல்லதேயன்றிக் கட்டடங்களை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வாங்கி, என்றும் காக்கவல்ல நிலையான ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அது 1895ஆம் ஆண்டு ஜனவரியில் தோன்றிற்று. அதுவே நேஷனல் டிரஸ்டு. அதை நிறுவியோர் மூவர்: ஆக்டேவியா ஹில் அம்மையார், வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர், குருவானவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி. அவர்கள் சங்கத்திற்கு முதற்கண் கிடைத்தது வேல்ஸ் நாட்டில் கடலை நோக்கிய ஒரு குன்றுச்சாரல். ஒரு மாது அதை நன்கொடையாக அளித்தார். அடுத்த ஆண்டு பத்துப் பவுனுக்கு வாங்கப்பட்டது இக்குருமனை. பத்துப் பவுன் என்பது அக்காலத்திலும் பெயரளவான தொகையே. பழுதுபார்க்க அதைப்போற் பன்மடங்கு வேண்டியிருந்தது. அதற்காக ஆக்டேவியா ஹில் பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டினார்.

புதுப்பித்தலும் பழுதுபார்த்தலும்

பணம் கிடைத்துவிட்டால் கடினம் தீர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. பழைய வீட்டைக் காப்பது எவ்வாறு என்பதே பெரிய வினா. அந்நூற்றாண்டில் இங்கிலாந்துத் தேவாலயங்களைப் புதுப்பிக்கப் புகுந்த கட்டடக் கலைஞர் பலர், பழைய சுவரைச் சுரண்டியும், பிற்காலத்துச் சேர்க்கைகளை நீக்கியும், தாங்கள் சரியென்று கருதிய ஒரு காலத்தின் உருவத்தைப் புதிதாகச் செதுக்கி வைத்தனர். மாரிஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். பழைய கட்டடத்தைப் பழையதுபோற் புதிதாகச் செய்வது, இறந்தவரின் கையெழுத்தை நாம் இட்டுக்கொள்வதை ஒக்கும். ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவரைத் தாங்கு, உளுத்த மரத்தை உளுத்த அளவிற்கு மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. இதுவே அவருடைய சங்கத்தின் கொள்கையின் சாரம். ஆல்பிரிஸ்டனில் இம்முறையைத் தழுவிப் பழுதுபார்த்தவர் ஆல்பிரட் பவல் என்னும் கட்டடக் கலைஞர்.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் நீரை முற்றிலும் தடுப்பனவல்ல. மழையிற் சிறிது ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விட்டுவிடும். இவ்வாறு சுவர் மூச்சுவிடுவதால் உள்ளேயுள்ள மரம் உலர்ந்தே நிற்கும். நன்மை செய்வதாக எண்ணி இதன்மேல் சிமெண்டைப் பூசினால், விரிசலின் வழியே புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். ஐந்நூறு ஆண்டு உழைத்த ஓக் மரம் அதனாற் சில பத்தாண்டுகளில் உளுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மரச்சட்ட வீடுகள் பல இவ்வாறே கெட்டன. பழைய வீட்டிற்குப் புதிய பொருளே பகையாவதும் உண்டு. ஆகவே காப்பவனுக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வைக்கோற் கூரை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் நிற்கும். நாணற் கூரை அதனினும் நெடுநாள் நிற்கும். எனினும் இரண்டும் அழிவனவே. குருமனையின் கூரை பலமுறை மாறியிருக்கின்றது, பூச்சும் மாறியிருக்கின்றது. மாறிய பொருளைப் பழமையென்று போற்றுவது எவ்வாறு? இவ்வீட்டில் காக்கப்படுவது இரண்டு என்பதே விடை. ஒன்று, அன்று நிறுத்திய ஓக் சட்டம்; அதை மாற்றலாகாது. மற்றொன்று, கூரை வேயும் கை. வேய்வோன் இல்லையேல் கூரை இல்லை. கூரை இல்லையேல் சட்டமும் இல்லை. ஆதலால் பழைய வீட்டைக் காப்பவர்கள் பழைய தொழிலையும் காக்கின்றார்கள். மாறாத பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதன்று பாதுகாப்பு. தலைமுறைதோறும் ஒருவன் மற்றொருவனுக்கு உளியையும் அரிவாளையும் கைமாற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு.

சட்டத்தின் துணை

சட்டம் இவ்வகை வீடுகளுக்குத் துணைநிற்க நெடுங்காலம் ஆயிற்று. 1882இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட முதற் புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டம், பெரும்பாலும் சரித்திர காலத்திற்கு முற்பட்ட கல்வட்டங்களையும் மண்மேடுகளையுமே கருதியது. மக்கள் குடியிருக்கும் வீட்டில் அரசாங்கம் தலையிடுவதைச் சொத்துரிமைக்கு மாறென்று பலர் எண்ணினர். ஆகவே ஆல்பிரிஸ்டன் மனை இடிபடும் நிலையில் நின்றபோது அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை; நல்லெண்ணம் ஒன்றே இருந்தது. 1907இல் பார்லிமெண்டு நேஷனல் டிரஸ்டிற்கெனத் தனிச்சட்டம் செய்து, அச்சங்கம் தன் சொத்துகளை என்றும் விற்கவொண்ணாதனவாக அறிவிக்கும் உரிமையை அளித்தது. 1932, 1944, 1947 ஆகிய ஆண்டுகளின் நகர்நாட்டுத் திட்டச் சட்டங்களால், தனியார் வீடுகளும் பாதுகாப்பிற்குரிய பட்டியலில் இடம்பெறும் முறை படிப்படியாக ஏற்பட்டது. பட்டியலிற் சேர்ந்த வீட்டை உடையவனும் அனுமதியின்றி இடிக்கவோ உருமாற்றவோ இயலாது. 2010இல் அக்குன்றுநாடு முழுவதும் தேசியப் பூங்காவாக அமைந்ததால், மனையோடு அதன் சுற்றுப்புறமும் காவல் பெற்றது.

நேஷனல் டிரஸ்டின் அடையாளச் சின்னம் ஓக் இலை. ஜோசப் ஆர்மிட்டேஜ் என்னும் சிற்பி 1935இல் அதை வரைந்தார். குருமனையின் கூடத்தில் செதுக்கப்பட்டுள்ள ஓர் ஓக் இலையே அதற்குத் தூண்டுகோலாயிற்று என்று சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், எளிய தச்சனொருவன் ஓய்ந்த நேரத்தில் மரத்திற் செதுக்கிய இலைக்கு இத்தகைய கதை வாய்த்தது பொருத்தமே.

ஏழையின் வீடு யாருக்கு?

இனி, நேர்மையுள்ள வாசகர் கேட்கத்தக்க ஒரு கேள்வியைத் தட்டிக்கழித்தல் முறையன்று. புகைந்தும் ஒழுகியும் இருந்த வீட்டைப் போற்றுவது, அதில் வாடியவர்களின் துன்பத்தைப் போற்றுவதாகாதா? அப்பத்துப் பவுனையும், பழுதுபார்க்கச் சென்ற பணத்தையும் ஏழைகளின் பொருட்டுச் செலவிட்டிருக்கலாகாதா?

இக்கேள்விக்கு ஆக்டேவியா ஹில்லின் வாழ்க்கையே மறுமொழி. அவர் பழம்பொருட் பித்துக்கொண்ட செல்வச் சீமாட்டி அல்லர். 1865ஆம் ஆண்டில், ஜான் ரஸ்கின் அளித்த பொருளைக்கொண்டு, லண்டன் நகரத்தின் மேரிலபோன் பகுதியில் மூன்று பாழ்வீடுகளைப் பெற்று, சாக்கடையைச் செப்பனிட்டு, சாளரத்திற்குக் கண்ணாடியிட்டு, ஏழைகள் மானத்தோடு குடியிருக்கச் செய்தவர் அவரே. வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று வாடகை வாங்கி, குறைகேட்டு, உடனுக்குடன் பழுதுநீக்கியவர். ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வதன் துன்பத்தை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. அத்தகையவரே ஆல்பிரிஸ்டன் மனைக்காகவும் கையேந்தினார். உயிரோடிருக்கும் ஏழைக்கு நல்ல வீடு வேண்டும் என்பதும், மறைந்துபோன ஏழையின் வாழ்வும் நினைவில் நிற்கவேண்டும் என்பதும் அவருக்கு இரண்டு கடமைகளாகத் தோன்றவில்லை. ஒரே மதிப்பின் இரு பக்கங்களாகத் தோன்றின. உழைப்பவனை மதியாத நாடு அவன் வீட்டையும் மதியாது. அவன் வீட்டைக் குப்பையென்று தள்ளும் நாடு, அவன் மக்களுக்கு நல்ல வீடு கட்டிக்கொடுக்கவும் விரைவதில்லை.

பழைய வீடுகள் யாவும் நிற்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நில்லாமைக்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒன்றேனும் நிற்கவேண்டும். அதுவும் தன் உண்மை உருவில் நிற்கவேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாதவர்களும் கணக்கறிந்து, மரமறிந்து, காலமறிந்து வாழ்ந்தார்கள் என்று பின்வருவோருக்கு அது சொல்லும்.

விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்து இதனை முடிக்கின்றோம். இடிந்த வீடுகளை வாங்கும் பத்துப் பவுன் நம்மிடத்தில் இல்லாதிருக்கலாம். ஒரு முழக்கோலும், ஒரு தாளும், ஓர் எழுதுகோலும் இருக்கும். ஊரிற் பழைய வீடொன்று நிற்குமாயின் அதனை அளந்து வரையுங்கள். திண்ணைக்கும் தாழ்வாரத்திற்கும் முற்றத்திற்கும் எவ்வளவு இடம் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். முதிய தச்சர் ஒருவர் இருப்பாராயின், ஒவ்வொரு மரத்திற்கும் பொருத்திற்கும் அவர் வழங்கும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மரம் நூறாண்டு நின்றாலும் நிற்கும். அப்பெயர்களோ அவரோடு மறைந்துவிடும். ஆல்பிரிஸ்டன் மனையைக் காத்த வேலை, அங்கே குடியிருந்த ஒருத்தி அதைத் தன் வீடென்று சொன்ன அன்றே தொடங்கிற்று. நம்மூரில் அவ்வேலை, இது நம்முடையது என்று நாம் சொல்லும் அன்று தொடங்கும்.